ஒண்ணாம் நம்பர் மட்டி

ஆத்துல போட்டதை ஆறு முழுங்கிரும்னு நினைக்கறவன் மட்டி, அப்பேர்ப்பட்ட மட்டிகள்ல ஒண்ணாம் நம்பர் நான்தான், அதனால இந்தக் கதையச் சொல்லுததுக்கு இந்த ஊர்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எம் பேரு ஆவுடைத்தங்கம். கீழமடைத்துறை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல தங்கம் ஜெராக்ஸ்னு போர்டு போட்டிருக்கும், முன்னால கடை, பின்னால வீடு, மாடியில ஒரு ரூம். வாய் கொஞ்சம் பெருசு. ஊர்ல யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்லுவாவ.

எங்க ஊர்ப் பழக்கத்தை முன்னாடியே சொல்லிருதேன், அது தெரியாம மத்தது விளங்காது. மத்த ஊர்ல கோவம் வந்தா 'உன்னையத் தலை முழுகிட்டேன், போ'ன்னு வாயால சொல்லிட்டு, மறு வாரமே கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்து ரெண்டாவது அப்பளம் கேப்பாவ. இங்க அப்படிக் கிடையாது, சொன்னா செய்யணும். செத்தவங்களுக்கு முழுகுத அதே படித்துறையில, அதே மூணாம் படியில நின்னு, உசுரோட இருக்கறவங்க பேரத் தண்ணிக்குள்ள ஒரு தடவை சொல்லி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முங்கி எந்திரிச்சா முடிஞ்சு போச்சு, பொறவு அந்தப் பேர அந்த வீட்ல ஒருத்தரும் எடுக்கப்படாது. சாதி மாறிக் கட்டினவ, குடிச்சு அழிச்சவன், சாமிய மாத்திக்கிட்டவன், மாமியாளை எதுத்துப் பேசினவ, அண்ணனை மேடையேறித் திட்டின தம்பி, இப்படி எங்க அப்பன் காலத்துல இருந்து எத்தனையோ பேரை எங்க ஆளுக முழுகிட்டாவ, ஆறும் அம்புட்டையும் வாங்கிக்கிட்டுக் கண்ணாடியாட்டம் ஓடிச்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால நானும் முழுகினேன். நான் பெத்த ஒத்தப் பிள்ளையத்தான் முழுகினேன்.

அழுக்கு அம்புட்டும் எங்க போகுதுன்னு நாங்க யாரும் கேக்கல. அதைக் கேக்க வந்தவதான் பியூலா.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, முப்பத்திரெண்டு முப்பத்திமூணு வயசு இருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தோள்ல ஒரு பை, அந்தப் பைக்குள்ள தராசும் அளவுகோலும். மாடி ரூமைக் கேட்டு வந்தா. 'டாக்டர்'னு சொன்னதும் நான் இடுப்பு வலியச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். "ஐயோ, நான் ஊசி போடுத டாக்டர் இல்லக்கா. டாக்டர் பட்டம் முடிச்சிட்டு இப்ப போஸ்ட் டாக் பண்ணுதேன்"னா. எதிர் டீக்கடை பரமார்த்தலிங்கத்துக்கு அரைக் காது கேட்டா முழுக் கதை தெரிஞ்ச மாதிரி. 'போஸ்ட்டு'ன்னு காதுல விழுந்ததும், "தபால் டாக்டராம்வே"ன்னு அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராவும் ஒலிபரப்பிட்டான். அன்னையிலிருந்து அவ தபால் டாக்டர்தான். பேங்க்லகூட அப்படித்தான் கூப்பிட்டாவ.

"டாக்டர் பட்டமே வாங்கின பொறவு இன்னும் என்னளா படிப்பு?"ன்னு கேட்டேன்.

"முதுகெலும்பு இல்லாத உசுருகளைக் காப்பாத்துத படிப்புக்கா. நல்ல தண்ணியில இருக்கும்லா, மட்டி, நத்தை, நண்டு. புலியக் காப்பாத்த ஆயிரம் பேர் இருக்காவ. இதுகளுக்கு ஆள் இல்ல."

"முதுகெலும்பு இல்லாதது வேணும்னா ஆத்துக்குள்ள ஏன் இறங்குத? எங்க ஊர் ஆம்பிளைகளை வரிசையா நிறுத்துதேன், எண்ணிக்கோ"ன்னேன். சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகத்தான் ரூமைக் குடுத்தேன்.

மட்டின்னா எங்களுக்கு அதுவரைக்கும் ஒரே அர்த்தம்தான், கணக்குல முட்டை வாங்குத பிள்ளை. ஆத்து மணலுக்குள்ள கறுப்பா, உள்ளங்கை அகலத்துக்கு, வாயைப் பொத்திக்கிட்டுக் கிடக்குத சிப்பிச் சவத்தையும் அந்தப் பேர்லதான் கூப்பிடுவோம், ஆனா ஒருத்தரும் குனிஞ்சு பாத்தது கிடையாது. பியூலாதான் சொன்னா. ஒரு மட்டி நாள் பூரா தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்குமாம், குடிச்சு அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுத் தெளிஞ்சதை வெளிய விடுமாம், அதோட குஞ்சு மீனோட செவுள்ல தொத்திக்கிட்டு டிக்கெட் இல்லாம ஊர் ஊராப் போகுமாம், நல்ல தண்ணியா இருந்தா முப்பது நாப்பது வருஷம் உசுரோட இருக்குமாம். "அந்த அழுக்கை என்ன செய்யும்?"னு கேட்டேன். "கொஞ்சம் திங்கும், கொஞ்சத்தை உருட்டித் துப்பிரும். சிலதை மட்டும் ஓட்டுக்குள்ளயே வெச்சுக்கும்க்கா, சாகுத வரைக்கும்"னா.

வந்த முதல் வாரமே மூணாம் படிக்கு அடியில கையை விட்டு ஒரு மட்டியத் தூக்கிட்டு வந்து, சாராய வாடை அடிக்குத மருந்துத் தண்ணி பாட்டிலுக்குள்ள போட்டு மூடிட்டா. "காப்பாத்த வந்தவ கொல்லுதியே?"ன்னேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. "இந்த மட்டிக்கு இன்னும் பேர் கிடையாதுக்கா. உலகத்துல யாரும் எழுதி வைக்காத இனம்னு நினைக்கேன். பேர் இல்லாததைக் காப்பாத்தணும்னு கேட்டா எவனும் கையெழுத்துப் போட மாட்டான். பேர் வைக்கணும்னா ஒண்ணே ஒண்ணைச் சாட்சியா எடுத்து வைக்கணும். ஒண்ணுதான்க்கா. இனி ஒண்ணையும் தொட மாட்டேன்." சொன்னபடியே மத்த இருநூத்திப் பதிமூணையும் பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி எடுத்து, அளந்து, நம்பர் ஒட்டி, எடுத்த இடத்துலயே வெச்சா. நம்பர் பூராவும் என் கடையிலதான் அடிச்சது, அரிசி அகலத்துக்கு வெட்டி லேமினேஷன் போட்டது. பாட்டில்ல இருந்ததுக்கும் நான்தான் அடிச்சுக் குடுத்தேன். நம்பர் ஒண்ணு.

நம்பர் வெட்டும்போது என் வலது கையில முழங்கைக்குக் கீழ இருக்குத தழும்பைப் பாத்து, "இது என்னக்கா?"ன்னு கேட்டா. "மிஷின் சுட்டுச்சு"ன்னேன். "எப்படி?"ன்னா. "உன் சோலியப் பாருட்டி"ன்னேன்.

ஒரு வருஷம் முடிஞ்சு, ஆனி மாசம் பதினோராந்தேதி வெள்ளிக்கிழமை காலையில, வாசல் தெளிக்க வந்த பொம்பளைகள் தெருவுல விரல் அகலத்துக்கு ஈரக் கோடு கோடாக் கிடக்குததைப் பாத்தாவ, படித்துறையில இருந்து கிளம்பி, பிள்ளையார் கோயில் முக்குல பிரிஞ்சு, கிழக்குத் தெருவுக்கு ஒண்ணா, மேலத் தெருவுக்கு ஒண்ணா, சந்து சந்தாப் பிரிஞ்சு போன அந்தக் கோடு ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஒரு மட்டி, தன் ஒத்தக் காலை வெளிய நீட்டி, நீட்டின காலை ஊணி, ஊணின காலை இழுத்து, பைய, ரொம்பப் பைய, முதுகுல நான் அடிச்ச நம்பரோட நடந்து போய்க்கிட்டு இருந்துச்சு. மிதிச்சிராதிய, மிதிச்சிராதியன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாவ. பால்காரன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓரமாப் போனான். பியூலா மட்டும் தெருவுல மண்டி போட்டு, ஸ்கேலை வெச்சு, நிமிஷத்துக்கு எத்தனை விரற்கடைன்னு எழுதிக்கிட்டே, "இதை எங்க புரொபசர்கிட்ட எந்தத் தலைப்புல அனுப்புவேன்"னு பொலம்பிக்கிட்டு வந்தா.

மத்தியானத்துக்குள்ள ஒவ்வொண்ணும் ஒரு வாசப்படியில ஏறி உக்காந்துருச்சு. வேற எங்கயும் போகல, வாசப்படிதான். பரமார்த்தலிங்கம் டீ ஆத்திக்கிட்டே சொன்னான், "தபால் டாக்டர் நம்பர் போட்டு அனுப்பின தபாலுல்லா, வீடு மாறாமக் குடுத்திருக்கு." ஊருக்கு அது போதுமானதா இருந்துச்சு. மட்டி நடந்ததுக்கு அதிர்ச்சியாகி ஒருத்தரும் சோறு திங்காம இருக்கல. அதிர்ச்சியெல்லாம் அது வாயைத் திறந்த பொறவுதான்.

முதல்ல திறந்தது பலவேசம் சார் வீட்ல. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், ஊர்ல பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்தவரு, பதினோரு வருஷத்துக்கு முன்னால மகன் நம்பிய முழுகினவரு. 'நீ செத்தாலும் கொள்ளி வைக்க வரமாட்டேன்'னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனான் அந்தப் பயன்னு, அவரு சொல்லாத சபை கிடையாது, சொல்லும்போதெல்லாம் நாங்களும் உச்சுக் கொட்டியிருக்கோம். அவரு வாசல்ல எண்பத்தெட்டாம் நம்பர். பாவம், காயுதேன்னு அவரு வீட்டம்மா ஆத்துத் தண்ணியக் குத்துப்போணியில ஊத்தி அதுக்குள்ள விட்டாவ. கொஞ்ச நேரத்துல மட்டி ரெண்டு ஓட்டையும் விரிச்சுது. விரிச்சு, நம்பியோட குரல்ல, அன்னைக்கு வாசல்ல நின்னு அவன் சொன்னதைச் சொல்லிச்சு.

"அப்பா, பிரஷர் மாத்திரை டிவி மேல இருக்கு. மறந்துராதிய."

அம்புட்டுத்தான். ஒரு தடவைதான் சொல்லிச்சு, பொறவு மூடிக்கிச்சு. பலவேசம் சார் நின்ன இடத்துலயே வேட்டியோட தரையில உக்காந்துட்டாரு. "இல்ல, இல்ல, அவன் கொள்ளின்னு சொன்னான், நான் என் காதால கேட்டேன்"னு எங்க எல்லாரையும் பாத்துச் சொன்னாரு. அவரு பொய் சொல்லல. பதினோரு வருஷமா அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கு.

அன்னைக்கும் மறுநாளும் ஊர் பூரா அதேதான். எந்த வீட்ல எந்த மட்டி திறந்தாலும், முழுகப்பட்ட ஆள் வாசப்படியில நின்னு கடைசியாச் சொன்ன ஒரே ஒரு பேச்சு. 'அம்மா, அடுப்புல பால் கிடக்கு.' 'மதினி, சின்னவனுக்கு நாளைக்குப் பரீட்சை, எழுப்பி விடுங்க.' பரமார்த்தலிங்கம் தம்பி சொன்னது, 'அண்ணே, செருப்பை மாத்திப் போட்டுட்டேன், உன்னுது நல்லதாப் போச்சு.' அந்தக் கிண்டலைக் கேட்டுட்டு அவன் டீ கிளாசைக் கழுவிக்கிட்டே அழுத அழுகைய நான் என் கடையில இருந்து பாத்தேன். ஒரே ஒரு வீட்லதான் மட்டி, 'நாசமாப் போவிய எல்லாரும்'னு சரியாச் சொல்லிச்சு. ஊர்லயே அவிய மட்டும்தான் அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினாவ.

ஒரு மாசத்துல ஊர் இதுக்குப் பழகிருச்சு, ஊருன்னா அப்படித்தானே. கோலம் போடுதவ வாசப்படி ஓரத்துல ஒரு சாண் இடம் விட்டுப் போட்டா. ஸ்கூல் வேன்காரன் இறங்கிப் பாத்துட்டுத்தான் ரிவர்ஸ் எடுத்தான். 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்குததை விட்டுட்டு 'தபால் வந்துச்சா'ன்னு கேட்டாவ. வித்துட்டுப் போன வீட்டு வாசல்ல வந்து உக்காந்த மட்டிய, வாங்கினவரு ஒரு வாளியில வெச்சுப் பாளையங்கோட்டைக்கே கொண்டு போய்ப் பழைய ஓனர்கிட்டக் குடுத்துட்டு வந்தாரு. கல்யாணத் தரகர் பொண்ணு பாக்குத வீட்ல எத்தனை தபால்னு விசாரிச்சாரு. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல, அஞ்சுன்னா யோசனை, ஒண்ணுமே இல்லைன்னா அதைவிடப் பெரிய யோசனை. மட்டி குழாய்த் தண்ணியில திறக்காது, சோப்பு நுரை கலந்த ஆத்துத் தண்ணியிலயும் திறக்காதுன்னு தெரிஞ்சதும், பியூலா ஒரு வருஷமா மனு எழுதி மனு எழுதி நடக்காதது ஒரே நாள்ல நடந்துச்சு. கல்யாண மண்டபத்துச் சாக்கடைக் குழாயைப் பலவேசம் சாரே சிமெண்டு குழைச்சு அடைச்சாரு. துறையத் தூர்வார வந்த மிஷின்காரன் கையில டீயைக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாவ, இன்னும் கிளம்பாத மட்டி மணலுக்குள்ள நாப்பது அம்பது கிடக்குல்லா. சில பேர் பஸ் ஏறித் தேடிப் போனாவ, சில பேர் போன்ல கூப்பிட்டு மறு முனையில வஞ்ச வசவைக் காதுல வாங்கிக்கிட்டாவ. நம்பி வந்தான், மூணு நாள் இருந்தான், அப்பாகிட்டப் பேசவே இல்ல, மாத்திரைய மட்டும் எடுத்துக் குடுத்தான். ஒரு வீட்ல கொதிக்குத தண்ணிய ஊத்தி மட்டிய வாயடைச்சிட்டாவ. அவிய யாருன்னு எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல மாட்டேன்.

இம்புட்டும் நடந்தும் என் வாசலுக்கு வரல.

முதல் நாள் தெனாவெட்டா இருந்தேன், தெருவுல போற மட்டிக்கு வழி சொல்லிக்கிட்டு. ரெண்டாம் நாள் கடை ஷட்டர் அதை மறிக்குதோன்னு பாதி திறந்தே போட்டேன். ஒரு வாரம் கழிச்சு வாசப்படியில தண்ணி ஊத்தி ஊத்தி வெச்சேன், வழுக்கிக்கிட்டு ஏற வசதியா இருக்கட்டும்னு. ஒன்பது வருஷமா அந்தப் பிள்ளை பேர நெனைக்காதவ, இப்ப அது கடைசியா என்ன சொல்லிச்சுன்னு தெரியாமச் செத்துருவேனோன்னு ஆயிட்டேன். மத்தவங்களுக்காவது தப்பாக் கேட்டுச்சு. எனக்குக் கேக்கவே இல்லையே.

அதைச் சொல்லிருதேன். பதினெட்டு வயசுல எங்கயோ கிளம்பிப் போன பிள்ளை, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் பதினோரு மணிக்கு என் கடை வாசல்ல வந்து நின்னுச்சு. சேலை கட்டி, பூ வெச்சு, பொட்டு வெச்சு. நான் வெச்ச பேரு மாசானம். மகன்னு சொன்னா அதுக்கு ஆகாது, மகள்னு சொல்ல அப்ப எனக்கு நாக்கு வளையல, அதனாலதான் பிள்ளை, பிள்ளைன்னே சொல்லிட்டு வாரேன். மிஷின்ல கொஸ்டின் பேப்பர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, எரநூறு காப்பி. எதிர்ல டீக்கடையில அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தானுக. எனக்கு மானம் போச்சு. நான் நிமிரல. பேப்பரை அடுக்கி அடுக்கிப் போட்டுக்கிட்டே இருந்தேன். அது என்னமோ சொல்லிச்சு, வாய் அசையுதது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது, மிஷின் சத்தத்துல ஒண்ணும் விளங்கல. நான் மிஷினை நிறுத்தல. சட்டுனு பேப்பர் சிக்கி நின்னு போச்சு, வந்த ஆத்திரத்துல மூடியத் திறந்து கையை உள்ள விட்டேன், சூட்டுல தோல் உரிஞ்சு வந்துருச்சு. அலறிட்டு நிமிந்து பாத்தா வாசல்ல ஆள் இல்ல. அந்தக் கையோடயே போய் மூணாம் படியில முழுகினேன். தண்ணி பட்டு எரிஞ்ச எரிச்சலையும் அந்தப் பிள்ளை கணக்குலயே எழுதிக்கிட்டேன்.

அது புதுப் பேரைத்தான் சொல்லியிருக்கும்னு எனக்குள்ள உறுதியா இருந்துச்சு. 'அம்மா, இனிமே எம் பேரு இது'ன்னு சொல்லத்தானே அம்புட்டுத் தூரம் வந்திருக்கும்? பெத்த பிள்ளை பேரு பெத்தவளுக்குத் தெரியல. இந்தக் கொடுமைய எந்த ஊர்லயாவது கேட்டிருக்கியளா?

நாப்பதாம் நாள் மாடியேறிப் பியூலா முன்னால போய் நின்னேன். "உன் நோட்டை எடு. எது எங்க இருந்துச்சு, எது எந்த வீட்டுக்குப் போச்சு, வாசி"ன்னேன். அவ ஒவ்வொண்ணா வாசிச்சா. மூணாம் படிக்கு அடியில இருந்தது பூராவும் முழுகப்பட்டவங்க பேச்சுள்ளது, ஒண்ணு விடாமப் போய்ச் சேந்துருச்சு. மணலுக்குள்ள இன்னும் கிடக்குததெல்லாம் எதிர்க்கரை, அங்க ஒருத்தரும் முழுகினது கிடையாது. வாசிச்சுக்கிட்டே பக்கத்தை முன்னால முன்னால திருப்பிக்கிட்டு வந்தவ, முதல் பக்கத்துல வந்து நின்னுட்டா.

"வாசிளா."

"நம்பர் ஒண்ணு. மூணாம் படி, இடது ஓரம். வயசு..." அந்த வரி மேல விரலை வெச்சா. "ஓட்டுல வரி இருக்கும்லாக்கா, அதை எண்ணித்தான் வயசு பாப்போம். போன வருஷம் எடுத்ததுல்லா, வெளி ஓரத்துல இருந்து பின்னால எண்ணினா எட்டாவது வருஷ வரிக்குப் பக்கத்துல கருகின மாதிரி ஒரு கோடு இருக்குன்னு எழுதியிருக்கேன். என்னன்னு தெரியாமக் கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன்."

ரெண்டு பேரும் திரும்பி அலமாரியப் பாத்தோம். பாட்டில் அங்கனதான் இருந்துச்சு, என் வீட்டுக்குள்ள, என் தலைக்கு மேல, நான் அடிச்ச நம்பரோட. ஊர்ல எல்லாருக்கும் முன்னால தபால் வந்தது எனக்குத்தான். ஏ யம்மா, பியூலாவோட ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கிட்டேன். "அடிப் பாவி! இருநூறு கிடந்துச்சே, அதைப் போயா எடுத்த! எம் பிள்ளை பேச்சையா சாராயத்துல போட்டுக் கொன்ன!"ன்னு கத்தினது டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கு. அவ தடுக்கல. "நான்தான்க்கா, நான்தான் கொன்னேன்"னு அழுதா. அப்பறம் ரெண்டு பேரும் கோட்டி பிடிச்ச மாதிரி அதை எடுத்து, அலசி, ஆத்துத் தண்ணி கொண்டாந்து, குத்துப்போணியில விட்டு, பொழுது சாயுத வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஓடு விரிஞ்சேதான் கிடந்துச்சு. சத்தம் வரல.

அழுது ஓஞ்ச பொறவு எனக்குக் கோவம் வடிஞ்சுருச்சு. நான் என் பிள்ளைய முழுகினேன், இவ அந்த மட்டிய முக்கினா. இவளாவது கொன்ன அன்னைக்கே முகம் சுருங்கினா. நான் வந்து கடையத் திறந்து மீதிக் காப்பிய ஓட்டினேன்.

பியூலா மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "அக்கா, அந்த மட்டி இனத்துக்கு நான்தான் பேர் வைக்கணும். உங்க பிள்ளை பேரையே வைக்கேன். உலகம் இருக்குத வரைக்கும் புஸ்தகத்துல இருக்கும். பேரைச் சொல்லுங்க"ன்னா.

"எந்தப் பேரைளா சொல்ல?"ன்னேன். "தெரிஞ்சாத்தானே சொல்லுததுக்கு."

பிள்ளை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சிய? தென்காசியில, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, தையல் கடை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாலயே கண்டக்டர் சொன்னாரு. கேக்காத மாதிரி சில்லறைய வாங்கிக்கிட்டேன். இங்க இருந்து ரெண்டு மணி நேரம்.

மறுநாள் காலையில துறைக்குப் போனேன். முழுகுததுக்கு முறை இருக்கு, முழுகினதை அவுக்குததுக்கு எங்க ஊர்ல முறை கிடையாது, இதுவரைக்கும் யாரும் அவுக்கல. நானா ஒண்ணு செஞ்சேன். மூணாம் படியில நின்னு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு பின்னாலருந்து எண்ணி முங்கி எந்திரிச்சேன். சேலையப் பிழியாம அப்படியே பஸ் ஏறினேன், கையில மட்டிய மறுபடி போட்டு மூடின பாட்டிலோட. பாட்டிலைத் திங்கக்கிழமைக்குள்ள திருப்பித் தந்துருவேன்னு தபால் டாக்டர் என்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தா, படிச்ச பிள்ளையில்லா. தண்ணி சொட்டச் சொட்ட நின்னவளைப் பாத்து, பஸ்ல இருந்தவங்க ஒரு சீட்டே ஒழிச்சுக் குடுத்தாவ. கீழமடைத்துறைக்காரின்னு தெரிஞ்சு ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

கடை இன்னும் பூட்டித்தான் இருந்துச்சு. வாசப்படியில ஏறி உக்காந்தேன். மட்டி எப்படி உக்காந்துச்சோ அப்படி, தட்டாம, கூப்பிடாம. கூப்பிட எனக்குப் பேரும் தெரியாதே.

ஒன்பது மணிக்கு உள்ளருந்து கதவு திறந்துச்சு. கழுத்துல இஞ்சி டேப்பு, மூக்குல மூக்குத்தி, வாயில ரெண்டு குண்டூசி. என்னையப் பாத்ததும் அசையாம நின்னுச்சு. பொறவு குண்டூசிய ஒவ்வொண்ணா எடுத்து முந்தானையில குத்திக்கிட்டு, "ஏன் இப்படி நனைஞ்சிருக்க?"ன்னு கேட்டுச்சு.

"தபால் வந்திருக்கு"ன்னேன். சொல்லும்போதே வாய் கோணிக்கிட்டு அழுகை வந்துட்டு. "ஒரு மட்டிக்குப் பேர் வைக்கணுமாம். உன் பேர் என்ன?"

தெருவுல ரெண்டு ஆட்டோ போச்சு.

"செண்பகம்."

"செண்பகம்"னு சொல்லிப் பாத்தேன். நல்ல பேரு. நான் வெச்சதைவிட நல்லாத்தான் இருக்கு. "அன்னைக்குக் கடையில வந்து இதைத்தான் சொன்னியா செண்பகம்? மிஷின் ஓடிச்சு. எனக்குக் கேக்கல. நான் நிறுத்தல."

"பேரையா?" செண்பகம் என் பக்கத்துல படியில உக்காந்தா. "பேரைச் சொல்ல எனக்கு எங்கம்மா தைரியம் இருந்துச்சு? உன் முகத்தைப் பாத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன், நீ நிமிரவே இல்ல. பேப்பர் உள்ள சுருண்டுக்கிட்டு இருந்துச்சு, எனக்கு வாசல்ல இருந்தே தெரிஞ்சுது. 'அம்மா, பேப்பர் சிக்கப் போகுது, உள்ள கையை விட்ராத, சுட்டுரும்'னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன்."

பாட்டில் என் வலது கையில இருந்துச்சு. ஈரச் சேலை வழுக்கிக் கீழ இறங்கியிருந்துச்சு, இழுத்து மூடலாம்னா இன்னொரு கையை அவ பிடிச்சிருந்தா. அவ பாத்துட்டா. பாட்டிலை வாங்கிப் படியில வெச்சிட்டு, என் கையைத் திருப்பி, அந்தத் தழும்பை முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் விரலால தடவிக்கிட்டே போனா.

"கையை விட்டுட்டியாம்மா?"ன்னு கேட்டா.